ஹோசாகாவின் ஹைம்பெர்க்

"இந்த வருஷம் போட்டோ மட்டும் போதாது. லென்ஸையும் கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம்" என்று சங்கத் தலைவர் குரோய்வா அறிவித்தபோது, ஹோசாகாவின் வாயில் பாதி மோச்சி அரிசி உருண்டை இருந்தது. மீதிப் பாதி கையில் இருந்தது. இரண்டும் அப்படியே நின்றுவிட்டன.

"என்னோட ஹைம்பெர்க் ஒண்ணு, ஹோசாகா சானோட ஹைம்பெர்க் ஒண்ணு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. யமனாஷி மாகாணத்துலயே இப்படி நடந்தது கிடையாது."

கோஃபு நகரத்துப் பழைய லென்ஸ் சங்கத்தில் மொத்தம் பதினான்கு பேர். எல்லோரும் கைதட்டினார்கள். ஹோசாகாவும் உருண்டையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். வேறு என்ன செய்வது? அவரிடம் ஹைம்பெர்க் கிடையாது.

சங்கத்துக்காரர்கள் செய்வது இவ்வளவுதான். கடையில் இருப்பதிலேயே புதிய மிரர்லெஸ் கேமராவை வாங்குவார்கள். அதோடு வருகிற கூர்மையான லென்ஸை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டுவார்கள். பிறகு, அவர்கள் அப்பா காலத்து ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவிலிருந்து கழன்ற லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து, இடையில் ஒரு பித்தளை வளையத்தைக் கொடுத்து, புதிய கேமராவின் மூக்கில் மாட்டுவார்கள். கேமரா கண் இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடும். லென்ஸுக்கோ எதிரே இருப்பது முகமா முட்டைக்கோசா என்றே தெரியாது. இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'குணம்'. படம் மங்கினால் குணம். ஓரம் இருட்டினால் குணம். வெயிலைப் பார்த்து எடுத்தால் நடுவில் பச்சையாக ஒரு பூதம் வரும். அது மிகப் பெரிய குணம்.

குணங்களுக்கெல்லாம் அரசன் ஹைம்பெர்க். போருக்கு முன்னால் ஜெர்மனியில் செய்தது, மிச்சம் இருப்பது விரல் விட்டு எண்ணும் அளவுதான் என்று சொல்வார்கள். தலைவரிடம் ஒன்று இருந்தது.

ஹோசாகாவிடம் இருந்தது அதைப் பார்த்து சோவியத்தில் அடித்த நகல். ரயில் நிலையத்து எதிர்க் கடையில், உடைந்த சாமான் கூடைக்குள், துருப்பிடித்த பிளாஷ் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு கிடைத்தது. முகப்பு வளையத்தில் ரஷ்ய எழுத்து. உள்ளே ஆவி படர்ந்த மாதிரி ஒரு மூட்டம். நான்கு வருஷத்துக்கு முன் அதை வைத்து, திராட்சைப் பந்தலுக்குக் கீழே தன் மனைவியை ஒரு படம் எடுத்துக் கண்காட்சியில் மாட்டினார். தலைக்குள் விளக்கு எரிகிற மாதிரி இருந்தாள்.

குரோய்வா அந்தப் படத்தின் முன் நின்றார். முப்பத்தெட்டு வருஷம் பல் டாக்டராக இருந்தவர். கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"சொல்லாதீங்க. நானே சொல்றேன். இது ஹைம்பெர்க்."

இத்தனை பேர் முன்னால், வயசில் பெரியவர், ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அதை முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி "ஸ்ஸ்... அது வந்து..." என்று இழுப்பார்கள். கேட்பவர் புரிந்துகொண்டு விலகிவிடுவார். ஹோசாகாவும் அப்படித்தான் உறிஞ்சினார். ஆனால் வாழ்நாள் முழுக்க எதிரே உட்கார்ந்தவரெல்லாம் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவதையே கேட்ட மனிதருக்கு அந்தச் சத்தம் ஒரு பதிலாகவே படவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் குரோய்வா.

கேமராவும் காட்டிக் கொடுக்கவில்லை. பழைய லென்ஸுக்கும் புதிய கேமராவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. படத்தோடு சேர்த்து லென்ஸின் பெயரைக் குறிக்க வேண்டிய இடத்தில் அது இரண்டு கோடு போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

அன்றிலிருந்து ஹோசாகாவுக்குத் தலைவருக்குப் பக்கத்து நாற்காலி. நகரக் குடிநீர் அலுவலகத்தில் பதினோரு வருஷமாகத் துணை அதிகாரியாகவே இருந்தார். மதியச் சாப்பாடு எங்கே வாங்கலாம் என்றுகூட அங்கே யாரும் அவரைக் கேட்டதில்லை. இங்கே அவர் தொண்டையைச் செருமினால் பதின்மூன்று பேர் முன்னால் சாய்ந்தார்கள். வருகிற மாதம் துணைத் தலைவர் பதவி வேறு. உலகத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்த ஒரே அறை இந்தச் சமுதாயக் கூடத்து இரண்டாம் மாடிதான். அதுவும் இப்போது போகப் போகிறது.

மோச்சியை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அது... பழுது பார்க்கக் கொடுத்திருக்கேன், தலைவரே."

"யார்கிட்ட? அதைத் தொறக்கத் தெரிஞ்சவங்க டோக்கியோவுல மூணே பேரு. மூணு பேரும் எனக்குப் பழக்கம். இப்பவே போன் போட்டு அவசரப்படுத்தறேன்."

குரோய்வா போனை எடுத்துவிட்டார்.

"நேத்து வந்துடுச்சு" என்றார் ஹோசாகா.

"இப்பதானே கொடுத்திருக்கேன்னு சொன்னீங்க?" என்றார் செயலாளர் அமேமியா. திராட்சைத் தோட்டக்காரர். பிறர் வழுக்கி விழுவதைப் பார்ப்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு பொழுதுபோக்கு இல்லாதவர்.

"கொடுத்திருந்தேன்னு சொல்ல வந்தேன்."

"ஓ."

அந்த 'ஓ' சரியில்லை. ஹோசாகா இன்னொரு பக்கம் தாவினார். "எனக்கு ஆட்சேபணை இல்ல, தலைவரே. வீட்டுலதான். லென்ஸ் வாசல்படி தாண்டினா என் மனைவி சாப்பிட மாட்டாங்க. அவ்வளவு பாசம்."

குரோய்வா நெகிழ்ந்துபோனார். அதுதான் வினையாயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம், தன் மனைவி மிசாவோவையும் ஒரு பெட்டி பச்சைத் திராட்சையையும் கூட்டிக்கொண்டு ஹோசாகாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பு கழற்றும் இடத்திலேயே இடுப்பை வளைத்து வணங்கினார்.

"அம்மா, உங்க மனசு எனக்குப் புரியுது. ரெண்டே நாள். என் உயிர் மாதிரி பாத்துக்கறேன்."

ஏப்ரனோடு நின்ற ஃபுசாயே கணவனைப் பார்த்தாள். "என்னத்தைங்க?"

"லென்ஸைத்தான் கேக்கறார்" என்றார் ஹோசாகா சுவரைப் பார்த்து.

"அதுக்கு ஏன் ரெண்டு நாள்? எடுத்துட்டே போங்க சார். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. பை தரட்டுமா?"

குரோய்வாவின் கண் கலங்கியது. "என்ன பெரிய மனசு. ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்."

"அலமாரிச் சாவி ஆபீஸ்ல இருக்கு" என்றார் ஹோசாகா.

"எந்த அலமாரி? ஈரம் உறிஞ்சுமே, அதுவா? அதுக்கு ஏதுங்க சாவி? காஞ்ச காளானும் கடற்பாசியும் அதுலதானே வெச்சிருக்கேன். தினம் தொறக்கறேன்."

"ஈரம் எத்தனை சதவீதத்துல வெச்சிருக்கீங்க?" என்று முதல்முறையாக வாயைத் திறந்தாள் மிசாவோ.

"நாப்பது."

"முப்பத்தஞ்சுல வைங்க. அரிசி அப்பளம் நமத்துப் போகவே போகாது."

பெண்கள் இருவரும் சமையலறைப் பக்கம் நகரப் பார்த்தார்கள். ஹோசாகா குறுக்கே கையை நீட்டினார். "இன்னிக்குத் தொறக்க வேண்டாம். மழை ஈரம். உள்ள காளான் பிடிச்சுடும்."

"காளான் ஏற்கெனவே உள்ளதான் இருக்கு" என்றாள் ஃபுசாயே.

ஆனால் குரோய்வா பயபக்தியோடு தலையசைத்தார். "சரியான பேச்சு. ஈரத்துல தொறக்கக் கூடாது. சரி, லென்ஸ் நம்பரை மட்டும் சொல்லுங்க. வர்றவங்களுக்குக் கொடுக்கற தாள்ல போடணும்."

ஒவ்வொரு லென்ஸின் முகப்பிலும் பெயரோடு ஒரு எண் வெட்டியிருக்கும். ஹோசாகா இருபத்தாறு வருஷம் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். திடீரென்று கேட்டால் வாயில் வரும் ஆறு இலக்க எண் ஒன்றுதான், அவர் வீட்டுத் தண்ணீர் மீட்டருடையது.

"ரெண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூத்து நாலு."

குரோய்வா எழுதிக்கொண்டார். மறுநாள் காலையில் இருநூறு தாள் அச்சாகிவிட்டது.

அவர்கள் போனதும் ஃபுசாயே கேட்டாள்: "ஒரு புண்ணியவான் வீடு தேடி வந்து உங்க குப்பையைத் தூக்கிட்டுப் போறேங்கறார். நீங்க ஏங்க குறுக்க நிக்கறீங்க?"

எண் அச்சாகிவிட்டால் அந்த எண்ணுள்ள லென்ஸ் ஒன்று இருந்தே தீர வேண்டும். ஹோசாகா அந்த யோசனையில் இருந்தார்.

கோஃபுவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் முத்திரை வெட்டுகிறவர்களுக்குப் பஞ்சம் வராது. பத்திரத்திலும் வங்கித் தாளிலும் நாட்டுமக்கள் குத்தும் பெயர் முத்திரைகளில் பெரும்பங்கு இந்தப் பக்கத்தில் வெட்டுவதுதான். வெள்ளிக்கிழமை மதியம் ஹோசாகா தன் சோவியத் லென்ஸின் முகப்பு வளையத்தைத் திருகிக் கழற்றி, ரஷ்ய எழுத்துகளை அரத்தால் தேய்த்து மொட்டையாக்கி, எடுத்துக்கொண்டு போனார். போனது முத்திரைக் கடைத் தெருவில் இச்சினோசேயின் கடைக்கு. அவருக்கு வயது எண்பத்தொன்று. அந்தத் தெருவிலேயே கை நடுங்காதவர் அவர்தான்.

ஹோசாகா பழைய விளம்பரப் படம் ஒன்றைப் பார்த்துப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார்.

"இது என்ன பாஷை, தம்பி?"

"ஜெர்மன்."

"யாருக்கு?"

"ஒரு நண்பருக்குப் பரிசு."

"நண்பர் பேரு ஹைம்பெர்க்கா?"

"ஆமா."

"பின்னால நம்பர் போட்டிருக்கே?"

"அவர் போன் நம்பர்."

இச்சினோசே மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பொம்பளை விவகாரம்னா நான் கேட்டுக்க மாட்டேன். அறுபது வருஷமா வெட்டுறேன். ஒரு எழுத்து தப்பினது கிடையாது. நாளைக்குக் காலைல வாங்க."

சனிக்கிழமை காலை எட்டரை மணி. பத்து மணிக்குக் கண்காட்சி. பட்டுத்துணி ஒட்டிய சின்னப் பெட்டியில் வளையம் இருந்தது. எறும்புக் கால் அளவு எழுத்து, வெள்ளை பூசி, பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் படிக்க வரவில்லை. ஹோசாகா வளையத்தைச் சுற்றிப் பார்த்தார். தலைகீழாகப் பார்த்தார்.

"ஐயா, எல்லா எழுத்தும் திரும்பி இருக்கே."

"திரும்பித்தான் இருக்கும்."

"இதை எப்படிப் படிக்கறது?"

"முத்திரையை எவன்யா படிப்பான்? குத்திப் பாருங்க." கிழவர் வளையத்தைப் பிடுங்கிச் சிவப்பு மைத்துணியில் ஒரு அழுத்து அழுத்தி, அன்றைய செய்தித்தாளில் குத்தினார். ஹைம்பெர்க் என்று ஜெர்மனில், நேராக, சிவப்பாக, பிசிறில்லாமல் விழுந்தது. தண்ணீர் மீட்டர் எண்ணும் விழுந்தது. "பாத்தீங்களா? ஒரு எழுத்து தப்பல."

"இது குத்தறதுக்கு இல்லைங்க. முகப்புல மாட்டறதுக்கு."

"அதை நேத்தே சொல்லணும்."

"மறுபடி தேச்சு வெட்ட முடியுமா?"

"நீங்க ஏற்கெனவே அரத்தை வெச்சுப் பாதியைத் தின்னுட்டீங்க. இன்னொரு தடவை தேச்சா வளையம் இருக்காது, ஓட்டைதான் இருக்கும்."

ஹோசாகா கைக்குட்டையால் மையைத் துடைத்தார். மேலே இருந்தது போயிற்று. எழுத்துக்குள் இறங்கியது போகவில்லை. வெள்ளையும் சிவப்பும் கலந்து எல்லா எழுத்தும் ரோஜா நிறமாகிவிட்டது.

பத்து மணிக்கு, லென்ஸின் மூடியை இறுக்கி மாட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் தலைவரின் லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு நாள் இப்படியே ஓட்டிவிடலாம் என்று ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

"மூடியோட வெச்சா லென்ஸுன்னு யாருக்குத் தெரியும்? ஊறுகாய் ஜாடின்னு நினைப்பாங்க" என்று அமேமியா கையை விட்டு மூடியை எடுத்துவிட்டார்.

எல்லோரும் குனிந்தார்கள்.

"இது என்ன, லென்ஸுக்கு உள்ள உக்காந்து எழுதின மாதிரி இருக்கு" என்றார் அமேமியா. "அதுவும் ரோஸ் கலர்ல."

ஹோசாகா முடிவு செய்துவிட்டார். சொல்லிவிடலாம். நாற்காலி போகட்டும், பதவி போகட்டும். திங்கள்கிழமையிலிருந்து குடிநீர் அலுவலகம் மட்டும்தான் வாழ்க்கை என்றால் அப்படியே இருக்கட்டும். வாயைத் திறந்தார். பல்லிடுக்கில் காற்றுதான் உள்ளே போனது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு குரோய்வா வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தம் காதுப் பக்கமாக வடிந்து போவதை ஹோசாகா நேரில் கண்டார். கிழவர் அப்படியே வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மாதிரி உருப்படி" என்றார்.

"அப்படின்னா?" என்றார் அமேமியா.

"விற்பனைக்கு வர்றதுக்கு முன்னால தொழிற்சாலையில சோதனைக்குச் செய்யறது. முகம் பாக்கற கண்ணாடி முன்னால வெச்சுச் சோதிப்பாங்க. கண்ணாடியில நேராத் தெரியணுமேன்னு திருப்பி வெட்டுவாங்க. ரோஸு... ரோஸு வந்து, கடைக்குப் போகக் கூடாதுங்கறதுக்கு அடையாளம். அப்படித்தானே, ஹோசாகா சான்?"

"ஸ்ஸ்..." என்றார் ஹோசாகா.

"பாருங்க, அவரே சொல்லிட்டார்."

ஒரு அம்மாள் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, அதன் கண்ணாடியை லென்ஸுக்கு நேரே பிடித்தாள். உள்ளே ஹைம்பெர்க் நேராகத் தெரிந்தது. கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது. ஐந்து நிமிஷத்தில் டப்பாவுக்காக வரிசை நின்றது. தலைவரின் லென்ஸை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக எழுதியிருந்தது, பாவம்.

அமேமியாவுக்கு மட்டும் ஆறவில்லை. "பேச்செல்லாம் சரி. கேமராவுல மாட்டிக் காட்டட்டும். பெரிய டி.வி.ல எல்லாரும் பாப்போம்."

மாட்டினார்கள். ஹோசாகா பொத்தானை அழுத்தினார். கேமரா அசையவில்லை. சுவரில் இருந்த டி.வி.யில் பெரிய எழுத்தில் வந்தது: 'லென்ஸ் பொருத்தப்படவில்லை.'

"கேமராவுக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார் அமேமியா.

பேச்சுவார்த்தை இல்லாத லென்ஸை மாட்டினால் எந்தப் புதுக் கேமராவும் அப்படித்தான் சொல்லும். லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று அதற்குத் தனியாக உத்தரவு போட வேண்டும். கூடத்துக் கேமராவில் யாரும் போடவில்லை. வியர்த்த விரலால் ஹோசாகா உத்தரவு போட்டார். லென்ஸை அமேமியாவின் முகத்துக்கு நேரே திருப்பி, நடு வளையத்தைக் கையால் சுழற்றிக் குவித்து, எடுத்தார்.

டி.வி.யில் அமேமியா தோன்றினார். வெயிலில் கருகிய கன்னம் வெண்ணெய் மாதிரி இருந்தது. சுருக்கம் ஒன்றையும் காணோம். வழுக்கையைச் சுற்றி ஒரு ஒளிவட்டம். கோயிலில் வைத்தால் பத்துப் பேர் கும்பிடுவார்கள்.

"குணம்" என்றது கூட்டம்.

அமேமியா தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை எனக்குக் கொஞ்சம் பெரிசா அச்சுப் போட்டுத் தருவீங்களா, ஹோசாகா சான்?" என்றார். அதோடு அவர் தொல்லை ஒழிந்தது.

"இப்ப தலைவரோடதையும் மாட்டுங்க. ஒப்பிட்டுப் பாப்போம்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"வேண்டாம்" என்றார் குரோய்வா சட்டென்று. "ஒரே நாள்ல ரெண்டு ஹைம்பெர்க் பாத்தா கண்ணுக்கு ஆகாது."

"அப்ப டோக்கியோவுல இருந்து நிபுணர் யாரையாவது கூப்பிடலாமே. மாதிரி உருப்படின்னா சும்மாவா?"

"டோக்கியோக்காரன் கை இது மேல படக் கூடாது" என்றார் குரோய்வா. இரண்டு லென்ஸையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினார். மாட்டிய கையோடு சொன்னார்: "துணைத் தலைவர் எல்லாம் வேண்டாம். அடுத்த வருஷம் ஹோசாகா சான்தான் தலைவர். எனக்கு வயசாயிடுச்சு."

கைதட்டல் எழுந்தது. கிழவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அதில் சந்தேகம் இல்லை. தெரிந்தும், தன் பெயரைப் பணயம் வைத்து, வாய்க்கு வந்த கதையைக் கட்டி, ஹோசாகாவின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்கு மேல் தன் நாற்காலியையும் தூக்கிக் கொடுக்கிறார். இப்படிப்பட்ட மனிதரை ஏமாற்றிக்கொண்டு அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது? எல்லோரும் மறுபடி பவுடர் டப்பாவைச் சுற்றிக் கூடியதும் தலைவரைத் தேடினார். காணவில்லை. மூலையில், பார்லித் தேநீர் மேஜைக்குப் பின்னால், மிசாவோ மட்டும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தலைவர் எங்க? அவர்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். இன்னிக்கே சொல்லிடணும். அந்த லென்ஸ்..."

மிசாவோ ஒரு கோப்பையை நிரப்பி அவர் கையில் வைத்தாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேஜைமேல் லேசாகக் குனிந்தாள்.

"முத்திரை வெட்டறவங்ககிட்ட எழுத்தை நாமளே திருப்பிப் போட்டு எழுதிக் கொடுக்கணும், ஹோசாகா சான். எங்க வீட்டுக்காரரோடதும் மூணாவது தடவைதான் நேரா வந்துச்சு."